தோலுக்குள் ஒளி காட்டும் பொன்துகள்



தங்கத்தின் நிறம் என்னவென்று கேட்டால் சின்னப் பிள்ளையும் மஞ்சள் என்றே சொல்லும். ஆனால் அதே தங்கத்தை மிக மிக நுண்ணிய துகள்களாக்கி நீரில் மிதக்கவிட்டால், அந்த நீர் மாதுளைச் சாற்றைப்போலச் சிவந்து தோன்றும். இந்த விந்தை இன்று தோல் நோய் பற்றிய ஆராய்ச்சிக்கு உதவுகிறது. அது கடந்து வந்த வழியை நாம் இப்போது பார்ப்போம்.

நான்காம் நூற்றாண்டில் ரோமானியர் செய்த லைகர்கஸ் கிண்ணம் லண்டன் பிரிட்டிஷ் அரும்பொருளகத்தில் இருக்கிறது. வெளியிலிருந்து வெளிச்சம் பட்டால் அது பச்சையாகத் தெரியும். உள்ளே விளக்கை வைத்தால் சிவப்பாகத் தெரியும். கண்ணாடியில் கலந்துள்ள பொன், வெள்ளித் துகள்களே இதற்குக் காரணம். கைத்திறன் முந்திக்கொண்டது, விளக்கம் வெகு காலம் கழித்தே வந்தது. 1857-இல் இங்கிலாந்து விஞ்ஞானி மைக்கேல் பாரடே செந்நிறப் பொன்நீரைத் தயாரித்து, கண்ணுக்குத் தெரியாத பொன்துகள்களே அந்நிறத்தைத் தருகின்றன என்று கூறினார். 1908-இல் ஜெர்மானியர் குஸ்தாவ் மீ, அத்துகள்கள் ஒளியை எவ்வாறு சிதறடிக்கின்றன என்பதைக் கணக்கிட்டுக் காட்டினார்.

இத்துகள்களை நானோமீட்டரில் அளக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறுகளாக்கினால் அதில் ஒரு கூறுதான் ஒரு நானோமீட்டர்.

சரி, இதற்கும் தோலுக்கும் என்ன தொடர்பு? இருட்டில் டார்ச் லைட்டை உள்ளங்கையில் அழுத்திப் பாருங்கள். கை சிவப்பாக ஒளிரும். ஆனால் உள்ளே இருப்பது எதுவும் தெளிவாகத் தெரியாது. ஒளி உள்ளே புகுந்தாலும் சிதறிவிடுகிறது. இந்தச் சிதறலைச் சமாளித்துப் படம் எடுக்கும் முறையொன்றை 1991-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தினர் வெளியிட்டனர். முதலில் கண்ணுக்குப் பயன்பட்ட அம்முறை பிறகு தோலுக்கும் வந்தது. கத்தி வைக்காமலே தோலில் ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் ஆழம்வரை அதனால் பார்க்க முடிகிறது. 1995-இல் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் லேசர் நுண்ணோக்கியால் தோலைப் பார்த்தபோது, மெலனின் என்னும் கருநிறப் பொருள் படத்தில் பளிச்சென்று தெரிவதைக் கண்டனர். நம் தோலுக்குக் கருமை தரும் பொருளே அங்கு வெளிச்சம் காட்டியது!

இருந்தும் ஒரு குறை இருந்தது. நோயுற்ற பகுதியும் நல்ல பகுதியும் படத்தில் பெரும்பாலும் ஒன்றுபோலவே தெரியும். வயிற்றை எக்ஸ்ரே எடுக்குமுன் வெள்ளைநிறப் பேரியம் கலவையைக் குடிக்கக் கொடுப்பதுண்டு. அதுபோல ஒளிப்படத்திற்கும் வேறுபடுத்திக் காட்டும் பொருள் தேவைப்பட்டது. பாரடேயின் பொன்துகள் இங்கேதான் கைகொடுத்தது. 1998-இல் ஹியூஸ்டன் நகரின் ரைஸ் பல்கலைக்கழகத்தார், மணல் இனத்தைச் சேர்ந்த சிலிக்கா உருண்டைகளுக்குப் பொன்பூச்சுப் பூசிய துகள்களைப் பற்றி எழுதினர். பூச்சின் கனத்தை மாற்றினால், தோலுக்குள் ஆழமாகச் செல்லும் ஒளிக்கு ஏற்றபடி அவற்றை அமைக்கலாம். 2003-இல் டெக்சாஸ் ஆய்வாளர்கள், புற்றுநோய் உயிரணுக்களைத் தேடிப் பற்றும் எதிர்ப்பொருளைப் பொன்துகளோடு இணைத்தனர். அழிக்க வேண்டிய மரங்களுக்குச் சாயம் பூசி அடையாளமிடுவது போன்றது இது.

ஆனால் நேயர்களே, பொன்துகளை வைத்துப் படம் எடுப்பது தோல் மருத்துவத்தில் வழக்கமான சோதனையாக இன்னும் வரவில்லை. தோலின் மேற்படலம் துகள்களை எளிதில் உள்ளே விடுவதில்லை. இரத்தத்தில் செலுத்தினாலோ அவை ஈரலிலும் மண்ணீரலிலும் நெடுநாள் தங்கிவிடக்கூடும். ஆகவே ஐயத்துக்குரிய இடத்தில் சிறு துண்டெடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதே இன்றும் உறுதியான சோதனை. ‘நானோ’, ‘தங்கம்’ என்று எழுதி விற்கும் களிம்புகளைக் கண்டு, அவை நோயைக் காட்டிவிடும் என்று நம்பிவிட வேண்டாம்.

மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் கருநிறத் தோலினருக்குக் குறைவாகவே வருகிறது. ஆனால் வரும்போது பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில் வருகிறது. யாரும் உற்றுப் பார்க்காத இடங்கள் அவை. அதனால்தான் பலருக்கும் காலங்கடந்து தெரியவருகிறது. வேலை முடிந்து கால் கழுவும்போது உள்ளங்காலையும் ஒருமுறை பாருங்கள். வயதானவர்களுக்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும். புதிதாக வந்த கரும்புள்ளி, வளரும் மச்சம், நகத்தடியில் அகன்றுவரும் கருங்கோடு, ஆறாத புண் ஆகிய எதைக் கண்டாலும் தாமதிக்காமல் கிளினிக்குக்குச் செல்லுங்கள். பொன்துகள் மருத்துவரின் கைக்கு வரும் நாள்வரை, நம்மிடம் இருக்கும் முதல் கருவி நம் கண்களே.