உறுதியில் எழுதப்படாத காடு



கொத்மலை நீர்த்தேக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் பிள்ளைகள் எங்களிடம் கேட்பார்கள்: "இவ்வளவு தண்ணீரும் எங்கிருந்து வருது சேர்?" ஹோர்டன் சமவெளிப் பக்கமிருந்து இறங்கும் ஆக்ரா ஓயாவும் இதில் சேர்கிறது என்போம். அந்தத் தண்ணீருக்குப் பின்னால் ஒரு காணிக் கதை இருக்கிறது. இன்று அதைச் சொல்கிறோம்.

1840இல் வெள்ளைக்கார ஆட்சி முடிக்குரிய காணிச் சட்டத்தைக் கொண்டு வந்தது. உறுதி காட்ட முடியாத காடும் தரிசும் அரசின் சொத்து என்றானது. பின்பு அவை கோப்பித் தோட்டங்களுக்கு விற்கப்பட்டன. மலை மலையாகக் காட்டை வெட்டி எரித்தார்கள்.

1873இல் ஓர் ஆலோசனை வந்தது. கியூ தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர், 5000 அடிக்கு மேலுள்ள காட்டில் கை வைக்க வேண்டாம் என்றார். அரசும் அப்படியே உத்தரவிட்டது. அந்த ஒரு கோட்டால்தான் ஹோர்டன் சமவெளி தப்பியது. அது 1969இல் சரணாலயமாகி, 1988இல் தேசிய பூங்காவாகி, 2010இல் மத்திய மலைநாட்டின் உலக மரபுரிமையிலும் சேர்ந்தது.

கோட்டுக்குக் கீழே நடந்தது வேறு. 1869இல் வந்த இலை நோயால் கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது. 1972இல் தனியார் காணிக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு வந்தது. 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்தது. 1992இல் நிர்வாகம் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போய், பிறகு நீண்ட குத்தகையானது. இத்தனை கை மாறியும், செங்குத்துச் சரிவிலும் பாறையடியிலும் ஓடை தொடங்கும் இடத்திலும் காட்டுத் துண்டுகள் மிஞ்சியிருக்கின்றன. பல இடங்களில் தேயிலை நட முடியாததால்தான் மிஞ்சின.

அந்தத் துண்டுகளில் சிறுத்தை வாழ்கிறது. ஹட்டன், பொகவந்தலாவைத் தோட்டங்களில் ஆய்வாளர்களின் கமெராக்களில் அது பதிவாகியிருக்கிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் கம்பிச் சுருக்கில் சிக்கி இறந்த கருஞ்சிறுத்தையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

தனியார் காணியில் உள்ள காட்டைக் காக்க ஐக்கிய அமெரிக்காவில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். காணி சொந்தக்காரரிடமே இருக்கும். விற்கலாம், பிள்ளைகளுக்கும் எழுதலாம். ஆனால் காட்டை வெட்டுவதில்லை, கட்டடம் எழுப்புவதில்லை என்று ஒரு பொது அமைப்போடு ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்கிறார். அடுத்து வாங்குபவரையும் அது கட்டுப்படுத்தும். சொந்தக்காரருக்கு வரிச் சலுகை கிடைக்கும். 1981இல் இதற்கு ஒரு மாதிரிச் சட்டமும் எழுதினார்கள்.

கேட்கப் புதிதாக இருக்கலாம். நம் உறுதிகளில் எழுதும் பாதை உரிமையை யோசித்துப் பாருங்கள். காணியை யார் வாங்கினாலும் பக்கத்து வீட்டுக்காரரின் வழி அடைபடாது. முஸ்லிம்களான எங்களுக்கு வக்பும் தெரியும். ஒரு முறை கொடுத்தால் அதை விற்கவோ வாரிசுக்குப் பிரிக்கவோ முடியாது. அதற்கு நம் நாட்டில் 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டமே இருக்கிறது. காணியோடு வாக்கும் சேர்ந்து போக வேண்டும் என்பதுதான் இவற்றின் சாரம்.

ஒரு பயம் எங்களுக்கும் உண்டு. தலைமுறை தலைமுறையாக லயத்தில் இருக்கும் எத்தனையோ குடும்பங்கள் வீட்டுக் காணிக்கு இன்னும் காத்திருக்கின்றன. அவர்களைக் கேட்காமல் காட்டைச் சுற்றிக் கோடு போட்டால், முதலில் அடிபடுவது விறகு பொறுக்கும் அம்மாதான். பன்றிக்குச் சுருக்கு வைப்பவரும் தன் மரக்கறித் துண்டைக் காக்கத்தானே வைக்கிறார்? ஆகவே விறகு, தண்ணீர்க் குழாய், நடைபாதை எல்லாம் அந்த ஒப்பந்தத்திலேயே இடம்பெற வேண்டும். வீட்டுக் காணி உறுதியும் அதோடு சேர்ந்தே வர வேண்டும்.

தோட்டக் காணி பெரும்பாலும் அரசுடையது. அங்கே குத்தகை நிபந்தனையில் காட்டை எழுதலாம். சொந்தக் காணி உள்ளவர்கள் ஓடைக்கரையிலுள்ள நாலு மரத்துக்காவது உறுதியில் ஒரு வரி சேர்க்க முடியுமா என்று நொத்தாரிசிடம் கேட்டுப் பாருங்கள்.

1873இல் மேலே போட்ட கோட்டின் பலனை நாம் இன்று குடிக்கிறோம். கீழே இருக்கும் காட்டுக்கு நம் காலத்தில் ஒரு வரியாவது எழுத வேண்டாமா?