கிணறு வெட்டிய சிறுவன்: ஓட்டிசச் சிகிச்சையின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

மருத்துவத்தின் வரலாறு மருந்துகளினதும் மருத்துவர்களினதும் வரலாறு மாத்திரமன்று. எது நோய், எது இயல்பு, எவரை எவர் மாற்றுவது என்னும் வினாக்களுக்குச் சமுதாயம் காலந்தோறும் அளித்துவந்த விடைகளின் வரலாறுமாகும். ஓட்டிசம் என வழங்கும் நிலைக்கு அளிக்கப்பட்ட சிகிச்சைகளின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். பேச்சிலும் பழக்கத்திலும் புலனுணர்விலும் பெரும்பாலோரினின்று வேறுபட்டு, வாழ்நாள் முழுவதும் தொடரும் மூளை வளர்ச்சி இயல்பே ஓட்டிசம். இவ்வியல்புடையோரைத் திருத்த முனையாது, அவர்களை அவ்வாறே ஏற்று உதவவேண்டும் என்னும் கருத்து அண்மைக் காலத்தில் வலுப்பெற்றுள்ளது. இதனைப் புதுமையெனப் பலர் கருதுவர். ஆயின், ஓட்டிசம் உடையவரென இனங்காணப்பட்ட முதற் சிறுவனின் வாழ்க்கையிலேயே இதன் வித்து இருந்தது என்பதும், அறிவுலகம் அதனை அரை நூற்றாண்டு காலம் கவனியாது விட்டது என்பதுமே இக்கட்டுரையின் துணிபு.

ஐக்கிய அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், ஃபொரெஸ்ட் என்னும் சிற்றூரில் 1933ஆம் ஆண்டு பிறந்தவர் டொனால்ட் டிரிப்லெட். எண்களிலும் சுழலும் பொருள்களிலும் ஆழ்ந்து, பெற்றோரின் வரவையும் பொருட்படுத்தாதிருந்த இக்குழந்தையை, நான்கு வயது நிரம்புமுன்னரே, 1937இல் ஒரு சுகாதார நிலையத்தில் விட்டனர். ஏறக்குறைய ஓராண்டின் பின் பெற்றோரே அவரை மீட்டுவந்தனர். தந்தையார் 33 பக்கங்களில் மகனின் இயல்புகளை விவரித்துக் கடிதம் எழுத, 1938இல் பல்ரிமோர் நகரத்து ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனையின் சிறுவர் உளமருத்துவர் லியோ கானர் அவரைப் பரிசோதித்தார். 1943இல் கானர் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வுக்கட்டுரை விவரிக்கும் பதினொரு பிள்ளைகளுள் முதலாமவர் டொனால்டே.

1942இல் டொனால்ட் ஒரு கமக்காரத் தம்பதியரின் பொறுப்பில் விடப்பட்டார். மூன்றாண்டுகள் அங்கு வாழ்ந்தார். எதையும் அளந்துகொண்டேயிருக்கும் அச்சிறுவனிடம் அவர்கள் ‘அளக்காதே’ என்று கூறவில்லை. கிணறு வெட்டி அதன் ஆழத்தை அளந்து சொல்லும் வேலையைக் கொடுத்தனர். சோளப்பயிர் வரிசைகளை ஓயாது எண்ணியவரை, ஏர் உழுதுகொண்டே எண்ணச் செய்தனர். இறந்த பறவைகளையும் பூச்சிகளையும் சேகரித்தவருக்கு, அவற்றைப் புதைத்து அடையாளமிட ஒரு துண்டு நிலம் ஒதுக்கினர். 1945இல் அங்கு சென்ற கானர், சிறுவன் குதிரையைத் திறம்பட நடத்தி உழுவதைக் கண்டு வியந்தார். அத்தம்பதியர் உளவியல் கற்றவரல்லர். எனினும், ஒருவனின் ஈடுபாட்டை அழிக்காமல் அதனையே அவன் உலகிற்குள் வரும் வாயிலாக்கலாம் என்பதை அவர்கள் செயலிற் காட்டினர்.

1971இல் கானர் அப்பதினொருவரின் பிற்கால வாழ்வை ஆராய்ந்து எழுதினார். பெரும்பாலான காலத்தை நிறுவனங்களிற் கழித்த நால்வரும், அங்கு சேர்ந்த சிறிது காலத்திலேயே தம் ஆற்றல்களை இழந்தனர். டொனால்டோ 1958இல் மில்சாப்ஸ் கல்லூரியிற் பட்டம் பெற்று, தம்மூர் வங்கியிற் பணியாற்றி, உலகின் பல நாடுகளையும் சுற்றிவந்து, 2023இல் 89ஆவது வயதிற் காலமானார்.

கமக்காரர் கற்பித்த இப்பாடத்தை அறிஞர் ஏன் தொடரவில்லை? அக்காலத்துச் சிந்தனை வேறு திசையிற் சென்றமையே காரணம். ஓட்டிசம் பிறவி நிலையென 1943இல் எழுதிய கானரே பின்னர் பெற்றோரின் அன்பின்மையை வற்புறுத்தலானார். சிக்காகோவில் சிறுவர் நிலையமொன்றை நடத்திய புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் வெளியிட்ட நூலில் இப்பழியைத் தாய்மார் மீது முற்றாகவே சுமத்தினார். பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிப்பதே சிகிச்சை என்றாயிற்று. ஓட்டிசமுள்ள மகனின் தந்தையான உளவியலாளர் பேர்னாட் றிம்லண்ட் 1964இல் எழுதிய நூலில் அது உடல்சார்ந்த காரணமுடையதென வாதிட்டார். 1969இற் பெற்றோர் மாநாட்டில் உரையாற்றிய கானர், அவர்களைக் குற்றத்தினின்றும் விடுவிப்பதாக வெளிப்படையாகக் கூறினார். ஆயின் அதற்குள் ஒரு தலைமுறைத் தாய்மார் தண்டனையை அனுபவித்து முடித்திருந்தனர்.

அடுத்து வந்தது பயிற்சி முறை. லொஸ் ஏஞ்சலிஸ் நகரில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஐவர் லோவாஸ், வெகுமதியாலும் தண்டனையாலும் நடத்தையை மாற்ற முயன்றார். 1960களில் அறைதலும் மின்னதிர்ச்சியும் கூட அவர் கையாண்ட முறைகளில் அடங்கின. வாரத்திற்கு 40 மணி நேரம் பயிற்சி பெற்ற 19 பிள்ளைகளுள் 9 பேர் ‘இயல்பு நிலை’ எய்தினர் என 1987இல் அவர் அறிவித்தார். பிள்ளைகள் எழுமாறாகப் பிரிக்கப்படவில்லை என்ற குறை ஒருபுறமிருக்க, பிறரினின்றும் பிரித்தறிய முடியாதவாறு தோன்றுவதே வெற்றி எனக் கொள்ளப்பட்டமை நம் சிந்தனைக்குரியது. தோற்றம் மாறியது, உள்ளிருந்தவர் என்ன உணர்ந்தார் என்பதை அளக்கும் கோல் அவ்வாய்வில் இருக்கவில்லை.

அதனைச் சொல்லத் தொடங்கியவர்கள் ஓட்டிசமுள்ளோரே. 1993இல் ரொறன்ரோ மாநாட்டில் ஜிம் சின்கிளயர், ஓட்டிசம் ஒருவரைப் போர்த்திய ஓடு அன்று, அவரது இருப்பின் தன்மையே என்றும், பெற்றோர் தமக்காகத் துக்கங் காத்தல் வேண்டாம் என்றும் வாதிட்டார். 1990களின் பிற்பகுதியில் அத்தகையோரின் உரையாடல்களிலிருந்து ‘நரம்பியற் பன்மை’ என்னும் கருத்து உருவாயிற்று. 1998இல் சிட்னியில் ஜூடி சிங்கர் என்னும் மாணவி சமர்ப்பித்த ஆய்வேடு அதற்குச் சமூகவியல் வடிவம் தந்தவற்றுள் ஒன்று. தாமும் ஓட்டிசமுடையவரான டேமியன் மில்ட்டன், புரிந்துணர்வுக் குறை இருதரப்பினதும் என 2012இல் எடுத்துரைத்தார். 2020இல் எடின்பரோ ஆய்வாளர் வெளியிட்ட பரிசோதனை இதற்கு வலுவூட்டியது. எண்மர் கொண்ட வரிசையில் ஒரு கதை கைமாறியபோது, ஓட்டிசமுள்ளோர் மட்டும் இருந்த வரிசையும் அஃதில்லாதோர் வரிசையும் ஒத்த திறனைக் காட்டின. கலந்த வரிசையிலேயே கதை பெரிதும் சிதைந்தது.

இப்பின்னணியில் எழுந்ததே இயல்பை ஏற்கும் சிகிச்சை. கண்ணோடு கண் நோக்கும்படி அது வற்புறுத்துவதில்லை; மனவமைதிக்காகக் கையசைப்பதைத் தடுப்பதில்லை. இரைச்சலையும் வெளிச்சத்தையும் குறைக்கும். பேச இயலாதவருக்குப் படம், எழுத்து, கருவி ஆகிய வழிகளைத் திறக்கும். இலக்கை உரியவருடன் சேர்ந்தே தீர்மானிக்கும். முதிர்ந்த வயதிலேயே தம் நிலையை அறிந்துகொள்வோருக்கு இது பெரிதும் இன்றியமையாதது. பல்லாண்டுகள் முகமூடியணிந்து வாழ்ந்தவர் அதனைக் கழற்றுதற்கும் துணை வேண்டுமன்றோ?

இதற்கு மறுப்புரைப்போரும் உளர். தன்னையே காயப்படுத்தும் பிள்ளையின் தாய்க்கு ‘ஏற்றுக்கொள்’ என்னும் சொல் மட்டும் போதுமா என்பர். நியாயமான வினாவே. ஆனால் ஏற்றல் என்பது கைவிடுதலன்று; பிள்ளை ஏன் அவ்வாறு செய்கிறது என வினவி, வலியையும் அச்சத்தையும் நீக்குவதும் அதன் பாற்பட்டதே. டொனால்டின் நல்வாழ்வுக்குத் தாய்வழிக் குடும்பத்தின் செல்வமும் துணைநின்றது என்பதையும் மறைத்தலாகாது. அவர் பணியாற்றிய வங்கியே அக்குடும்பத்தினுடையது. எனவே, ஏற்பு என்பது ஒரு சிகிச்சையறைக்குள் அடங்குவதன்று. பாடசாலையும் தொழிலகமும் அரசும் அதன் செலவிற் பங்கேற்றல் வேண்டும். செல்வர் வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்தது பிறர்க்கு உரிமையாகாதவரை, இவ்வரலாறு நிறைவுற்றதாகக் கொள்ளமுடியாது.

எண்பது ஆண்டுகளின் முன் ஒரு கமக்காரர், அளப்பதிற் பித்துக்கொண்ட சிறுவனிடம் மண்வெட்டியைக் கொடுத்தார். அறிஞர் பலர் அவனை மாற்றுவது எவ்வாறு என வினவிக்கொண்டிருந்த காலத்தில், அவனுக்குப் பொருத்தமான வேலை யாது என அவர் வினவினார். அவ்வினாவின் ஆழத்தையே நாம் இன்னும் அளந்துகொண்டிருக்கிறோம்.