குளிர வைத்தால் பிழைக்குமா?

காய்ச்சல் வந்தால் நெற்றியில் ஈரத்துணி போடுவது எல்லா வீட்டிலும் உண்டு. காய்ச்சலே இல்லாத ஒருவரின் உடம்பை 33 டிகிரி செல்சியஸுக்கு இறக்கி ஒரு நாள் முழுக்க அப்படியே வைத்திருந்தால்? இதயம் நின்று, மறுபடி துடிக்க ஆரம்பித்து, நினைவு திரும்பாமல் கிடந்தவர்களுக்கு இதைத்தான் செய்தார்கள். ஒரு டிகிரி குறைந்தால் மூளைக்கு வேண்டிய ஆக்ஸிஜனும் சுமார் 6 சதவீதம் குறையும் என்பது கணக்கு.

2002-ல் வந்த ஐரோப்பிய ஆய்வில் குளிரூட்டப்பட்டவர்களில் 55 சதவீதம் பேர் நல்ல நிலையில் மீண்டார்கள். மற்றவர்களில் 39 சதவீதம்தான். ஆஸ்திரேலியாவிலும் இதே கதை. அப்புறம் என்ன, உலகமே ஐஸ் பையைத் தூக்கியது!

அடுத்து பச்சிளங்குழந்தைகள். பிரசவ நேரத்தில் மூச்சுத் திணறிப் பிறக்கும் குழந்தைகளின் மூளையையும் இப்படிக் காப்பாற்றலாம் என்று 2005-லிருந்து பணக்கார நாடுகளின் ஆய்வுகள் சொல்லின. ஆனால் அந்த மிஷின்களின் விலை? இங்கேதான் நம்ம பக்கத்துக் கதை வருகிறது. ஆர்.கே.பேட்டையிலிருந்து சோளிங்கர் தாண்டிப் போனால் வேலூர். அங்கே சி.எம்.சி. மருத்துவமனையில் துணி சுற்றிய ஜெல் பைகளை வைத்தே குழந்தைகளைக் குளிர வைத்துப் பார்த்தார்கள். பிறகு, உருகும்போது சூட்டை உறிஞ்சிக்கொள்ளும் ஒரு பொருளால் செய்த படுக்கை வந்தது. அதற்குத் தொடர்ந்து கரண்ட் கூட வேண்டாம். 72 மணி நேரம் குழந்தை அதில் கிடக்கும். 50 குழந்தைகளை வைத்து வேலூரில் நடந்த ஆய்வின் முடிவு 2020-ல் வந்தது. குளிர வைத்த குழந்தைகளின் மூளை ஸ்கேனில் பாதிப்பு குறைவாகத் தெரிந்தது.

சந்தோஷம் ஒரு வருடம்தான். இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் 7 மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் நடந்த 'ஹீலிக்ஸ்' ஆய்வின் முடிவு 2021-ல் வெளியானது. அதில் சென்னையும் உண்டு. குளிரூட்டிய குழந்தைகளில் 42 சதவீதம் இறந்தார்கள், குளிரூட்டாதவர்களில் 31 சதவீதம். மட்டமான கருவி என்றும் சொல்ல முடியாது, வெப்பத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் மிஷின்தான். இங்குள்ள குழந்தைகளுக்கு மூளைப் பாதிப்பு பிரசவத்துக்கு முன்பே தொடங்கியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சந்தேகப்பட்டார்கள். லண்டன் குழந்தைக்குப் பொருந்தியது எழும்பூர் குழந்தைக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொண்டது எவ்வளவு பெரிய விஷயம் பாருங்கள்!

அதே 2021-ல் பெரியவர்களுக்கும் அடி விழுந்தது. இதயம் நின்று மீண்ட சுமார் 1,850 பேரிடம் நடந்த ஆய்வில், 33 டிகிரிக்குக் குளிர வைத்தவர்களில் 50 சதவீதம் பேர் ஆறு மாதத்துக்குள் இறந்தார்கள். காய்ச்சல் வராமல் மட்டும் பார்த்துக்கொண்டவர்களில் 48 சதவீதம். இப்போது பல ஐ.சி.யு.க்களில் முதல் கவனம் காய்ச்சலைத் தடுப்பதில்தான்.