ஒல்லி டயர் போட்ட மின்சாரக் கார்

2013-ல் பிஎம்டபிள்யூ ஐ3 என்ற மின்சாரக் கார் வந்தது. அதன் சக்கரங்களைப் பார்த்தால் காரின் சக்கரம் மாதிரியே தெரியாது. உயரம் இருக்கும், அகலம் இருக்காது. டயரின் அளவு 155/70 ஆர்19. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். அடுத்தது, பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். (ஒரே வரியில் மில்லிமீட்டரும் அங்குலமும்! இந்தக் கூத்துக்குப் பிறகு வருவோம்.) கணக்குப் போட்டால் டயரின் மொத்த உயரம் சுமார் 700 மி.மீ. வருகிறது. அகலமோ சின்ன ஹேட்ச்பேக் கார் டயரின் அகலம்தான்.

ஏன் இப்படி? முதல் ஐ3-இன் பாட்டரி வெறும் 22 கிலோவாட் மணி. வீணாகும் ஒவ்வொரு துளி மின்சாரமும் ஓடும் தூரத்தைக் குறைக்கும். ஒல்லி டயர் காற்றைக் குறைவாகக் கிழிக்கிறது. பெரிய விட்டமுள்ள டயர் உருளும்போது குறைவாக நசுங்குவதால் உருளல் தடையும் குறைகிறது. தரையைத் தொடும் பரப்பு அதிகம் மாறுவதில்லை, அகலத்துக்குப் பதில் நீளமாகிறது. பிரிட்ஜ்ஸ்டோன் இதற்கு 'ஓலாஜிக்' என்று பெயர் வைத்தது.

யோசனை ஒன்றும் புதிதல்ல. ஃபோர்டின் மாடல் டி-யும் உயர்ந்த ஒல்லிச் சக்கரங்களில்தான் ஓடியது. அதில் முன்னால் 3 அங்குல டயர், பின்னால் மூன்றரை. ஐ3-யிலும் பெட்ரோல் ஜெனரேட்டர் பொருத்திய வகைக்குப் பின்பக்க எடை கூடியதால் 175/60 ஆர்19 தேவைப்பட்டது. நூறு வருடம் கழித்து அதே தலைவலி! முன்பின் டயர்களை மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமன் செய்யவும் வழியில்லை. 20 அங்குல ரிம்களும் 2017-ல் வந்த ஐ3எஸ் வகையும் சேர்ந்தபோது ஒரே காருக்கு ஐந்து அளவுகள் ஆகிவிட்டன.

முதல் செட் டயர் தேய்ந்ததும்தான் உரிமையாளருக்கு உண்மை புரியும். கோடைக்கு பிரிட்ஜ்ஸ்டோன் ஈகோபியா இபி500, பனிக்கு அதே நிறுவனத்தின் பிளிசாக். பின்லாந்தின் நோக்கியனும் பனிக்கால டயர் கொண்டுவந்தது. பட்டியல் சின்னதுதான். பரவலாகக் கிடைக்கும் 19 அங்குல டயர்கள் 225, 235 மி.மீ. அகலம். அவை ஐ3-இன் 5 அங்குல ரிம்மில் உட்காராது. சுமைக் குறியீடு 84-க்கு, அதாவது ஒரு டயருக்கு 500 கிலோவுக்கு, கீழே போகவும் கூடாது. காரில் ஸ்டெப்னியும் கிடையாது, ஓட்டையடைக்கும் திரவம் மட்டும்தான். பக்கச்சுவர் கிழிந்தால் அந்தத் திரவம் உதவாது. அருகிலிருக்கும் டயர் கடையில் இந்த அளவு இல்லையென்றால் கார் நின்ற இடத்தில்தான் நிற்கும்.

மற்ற நிறுவனங்கள் ஏன் செய்யவில்லை? ஒவ்வொரு அளவுக்கும் தனி அச்சு, தனிச் சோதனை வேண்டும். 2022-ல் உற்பத்தி நிற்கும்வரை உலகம் முழுக்க ஐ3 விற்றது சுமார் இரண்டரை லட்சம். டயர் வியாபாரத்தில் இது சின்ன எண்ணிக்கை.

இதைவிட மோசமான கதையும் உண்டு. அங்குலமும் மில்லிமீட்டரும் கலந்த கூத்து இல்லாத டிஆர்எக்ஸ் என்ற டயரை 1975-ல் மிச்செலின் கொண்டுவந்தது. ரிம் 390 மி.மீ., விளிம்பின் வடிவமும் வேறு. சாதாரண டயரை அதில் மாட்டவே முடியாது. பிஎம்டபிள்யூவின் 1980-களின் 5 சீரிஸ் கார்களிலும் இது வந்தது. பழைய கார் பிரியர்களுக்காக டிஆர்எக்ஸ் இன்றும் தயாராகிறது, விலை கையைச் சுடும். அலுத்துப்போன பலர் ரிம்மையே மாற்றிவிட்டார்கள். ஐ3-இன் ரிம் சாதாரண வகை என்பதால், மனசு வைத்தால் எந்த நிறுவனமும் டயர் செய்யலாம். அந்த வகையில் ஐ3 தப்பித்தது.

2020-ல் வந்த ஃபோக்ஸ்வாகன் ஐடி.3-உம் 215/45 ஆர்20 என்ற வழக்கத்தில் இல்லாத அளவைத்தான் எடுத்தது. ஆனால் அதே குழுமத்தின் குப்ரா பார்ன் காரும் அதே அளவைப் போட்டுக்கொண்டது. இன்று அந்த அளவில் பல நிறுவனங்களின் டயர்கள் கிடைக்கின்றன. ஐ3-க்கு அப்படி ஒரு பங்காளி வரவேயில்லை.