எளிமை வடிவமைப்பு (மின்னணுக் கருவிகள்)

ஒரு கருவி இயங்கத் தேவையான உறுப்புகளை மட்டும் விட்டுவைத்து, மிகையான பொத்தான், விளக்கு, அலங்காரம் எல்லாவற்றையும் நீக்கும் முறை எளிமை வடிவமைப்பு எனப்படும். ஜெர்மனியின் பிரான் நிறுவனத்தில் 1955இல் சேர்ந்த டீட்டர் ராம்ஸ் இதன் முன்னோடிகளுள் தலையாயவர். அவருடைய டி3 வானொலியையும் (1958) ஆப்பிளின் ஐபாடையும் (2001) பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உறவு உடனே புலப்படும்: வெண்ணிறப் பெட்டி, முகப்பில் ஒரு வட்டம்.

இம்முறையில் பயன்பாட்டை முன்வைப்பது, அழகை முன்வைப்பது என இரு கிளைகள் உண்டு. தமிழகத்தில் இரண்டும் ஸ்ரீபெரும்புதூரோடு தொடர்புடையவை. அங்கிருந்த நோக்கியா ஆலை 2006 முதல் 2014 வரை கைபேசிகளைத் தயாரித்தது. ஃபாக்ஸ்கான் ஆலையில் 2019இல் ஐபோன் எக்ஸ்ஆர் தயாரிப்பு தொடங்கியது.

முதல் கிளைக்குச் சிறந்த சான்று, 2003இல் வெளிவந்த நோக்கியா 1100. இந்தியா போன்ற வளரும் நாடுகளை மனத்தில் வைத்து உருவான இக்கைபேசியில் கேமராவோ வண்ணத்திரையோ கிடையாது. விசைகள் ஒரே ரப்பர் விரிப்பாக இருந்ததால் தூசி எளிதில் உள்ளே போகாது. வேர்த்த கையிலும் வழுக்காமலிருக்கப் பக்கங்களில் சொரசொரப்பு இருந்தது. கரண்ட் போனால் 'சி' விசையை அழுத்தியதும் தலைப்பகுதியில் டார்ச் எரியும். பேட்டரியைக் கையாலேயே கழற்றி மாற்றலாம். உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்றது. கோவளம் போன்ற கடற்கரை ஊர்களில் இதன் அருமை விளங்கும். ஈரக்கை பட்டால் தொடுதிரை தடுமாறும். இருட்டோடு கடலுக்குப் போகிறவருக்குப் பட்டனும் டார்ச்சும் கைகொடுக்கும்.

இரண்டாம் கிளை அழகை முன்வைப்பது. 2007இல் ஐபோன் விசைப்பலகையை நீக்கியது. 2016இல் ஹெட்போன் துளையும், 2017இல் எக்ஸ் மாடலில் ஹோம் பட்டனும் போயின. 2020இல் சுற்றுச்சூழலைக் காரணம் காட்டிப் பெட்டியிலிருந்து சார்ஜரையும் எடுத்தார்கள். வழவழப்பான வெற்றுப் பரப்பு விலையுயர்ந்த பொருள் என்ற எண்ணத்தைத் தருகிறது. புதிதாகப் பழகுபவரின் அச்சத்தையும் குறைக்கிறது. வாங்குபவரை இழுப்பவை இவை இரண்டும்தான். ஆனால் நீக்கியவற்றில் சில, தனிச்செலவாக அவரிடமே திரும்பி வருகின்றன. மூடி ஒட்டப்பட்ட பேட்டரி நலிந்தால் சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும். பயனரின் தேவையிலிருந்து பிறந்த எளிமை என்ற அளவில் 1100 உயர்ந்தே நிற்கிறது.

கைபேசி வாங்குவோர் பெட்டியில் இல்லாதவற்றின் விலையையும் கூட்டிப் பார்த்து ஒப்பிடுவது நல்லது.