வெள்ளாற்றுப் பாலம்

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே வெள்ளாற்றங்கரையில் இருக்கிறது எங்கள் பரங்கிப்பேட்டை. 1781-ல் ஐதர் அலி ஆங்கிலேயரோடு மோதிய ஊர். 1830-ல் ஜோசையா ஹீத் இங்கே இரும்பாலை வைத்தார். தாது சேலத்திலிருந்து வரணும். ஆலை நிலைக்கவில்லை.

அப்புறம் ஊரை வாழவைத்தது ரயில்தான். அப்பா காலத்தில் சீசன் டிக்கெட், மீட்டர்கேஜ் வண்டி. ஆற்றைத் தாண்டினால் கிள்ளை, அடுத்தது சிதம்பரம். காலையில் கல்லூரி, ராத்திரி வீட்டுச் சாப்பாடு!

நான் சேர்ந்த 2006-ன் கடைசியில் அகலப்பாதை வேலைக்காக வண்டி நின்றது. நான் பஸ்ஸில் தொங்கியே படித்தேன். பஸ்ஸுக்கும் விடுதிக்கும் காசில்லாத எங்கள் தெருப் பையன் படிப்பையே விட்டான். 2010-ல் ரயில் திரும்பியது; அவன் திரும்பவில்லை.

பாலத்தில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவன் ஞாபகம்தான் வருது.