பாகாநாகா ரயில் விபத்து

பாகாநாகா ரயில் விபத்து என்பது 2023 ஜூன் 2 அன்று மாலை ஏறத்தாழ 7 மணிக்கு ஒடிசாவின் பாலசோர் மாவட்டம், பாகாநாகா பஜார் நிலையத்தில் மூன்று ரயில்கள் மோதிக்கொண்ட விபத்தாகும். இதில் 296 பேர் இறந்தனர். 1999-இல் மேற்கு வங்கத்தின் கைசாலில் நடந்த மோதலுக்குப் பின் இந்திய ரயில்வேயில் மிக அதிக உயிரிழப்பு நேர்ந்த விபத்து இதுவே.

நிகழ்வு

ஷாலிமாரிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், நேர்வழிக்குப் பச்சை சிக்னல் பெற்றும் கிளைத் தடத்தில் புகுந்து, அங்கு நின்ற இரும்புத்தாது சரக்கு ரயிலில் மோதியது. அப்போது அதன் வேகம் மணிக்குச் சுமார் 128 கி.மீ. தடம்புரண்ட பெட்டிகள், எதிர்த்திசையில் கடந்துகொண்டிருந்த பெங்களூரு–ஹவுரா ரயிலின் கடைசிப் பெட்டிகளையும் தாக்கின.

காரணம்

லெவல் கிராசிங் அருகே முன்பு செய்யப்பட்ட சிக்னல் இணைப்பு மாற்றங்களில் நேர்ந்த பிழையே காரணம் என ரயில்வே பாதுகாப்பு ஆணையர் கண்டறிந்தார். கவச் எனும் மோதல் தடுப்பு அமைப்பு அந்தத் தடத்தில் நிறுவப்பட்டிருக்கவில்லை. சிபிஐ மூன்று ரயில்வே ஊழியர்களைக் கைது செய்தது.

மீட்பு

முதலில் உதவிக்கு வந்தவர்கள் அக்கம்பக்கத்து ஊர்மக்கள். கைபேசி வெளிச்சத்தில் அவர்கள் பெட்டிகளுக்குள் தேடினர். எழுந்து நடக்க முடிந்த பயணிகளும் மற்றவர்களை வெளியே இழுத்தனர். பாலசோர் மருத்துவமனையில் குருதி கொடுக்க இளைஞர்கள் இரவிலேயே வரிசையில் நின்றனர். உயிர்பிழைத்தோரில் ஒரு பகுதியினர் சிறப்பு ரயிலில் ஜூன் 4 அதிகாலை சென்னை வந்துசேர்ந்தனர்.

அடையாளம் காணல்

இழப்பு மிகுந்தது முன்பதிவில்லாப் பெட்டிகளில். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் வேலை தேடிவந்த வங்காள, ஒடிசா, பீகார் தொழிலாளர்கள் பலர் அவற்றில் இருந்தனர். முன்பதிவுப் பெட்டிகளுக்கு உள்ளதுபோல் அவற்றுக்குப் பயணிகள் பட்டியல் கிடையாது. யார் ஏறினார் என்பது வீட்டாருக்கு மட்டுமே தெரியும். உறவினர்கள் மருத்துவமனை மருத்துவமனையாக அலைந்து, இறந்தோரின் புகைப்படங்களைப் பார்த்துத் தேடினர். ஒரே உடலுக்குப் பல குடும்பங்கள் உரிமை கோரியதால், உடல்கள் புவனேஸ்வர் எய்ம்ஸில் வைக்கப்பட்டு மரபணுச் சோதனை செய்யப்பட்டது. யாரும் கேட்டு வராத 28 உடல்களை அக்டோபரில் புவனேஸ்வர் மாநகராட்சி தகனம் செய்தது.

பின்விளைவு

இறந்தோர் குடும்பங்களுக்கு ரயில்வே தலா 10 லட்சம் ரூபாய் அறிவித்தது. ஜூன் 4 இரவே அத்தடத்தில் ரயில் ஓடத் தொடங்கியது. ஆனால், முதலில் உடல்கள் கிடத்தப்பட்ட பாகாநாகா உயர்நிலைப் பள்ளிக்குத் திரும்ப மாணவர்கள் அஞ்சினர். அந்தக் கட்டடம் ஜூன் 9 முதல் இடிக்கப்பட்டது.